கொரம்பு இருந்த இடம்

மகனுக்கு,

நீ சுகமா என்று கேட்டுத் தொடங்க இன்று எனக்கு மனம் வரவில்லை. சுகமாகத்தான் இருப்பாய். போன வாரம் பஞ்சாயத்து ஆபீசுக்கு வந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். ஒரு நடுக்கமும் இல்லாமல் தெளிவாகப் போட்டிருந்தாய். இந்தக் கடிதத்தை இரண்டு நகல் எழுதுகிறேன். ஒன்று உனக்குத் தபாலில் வரும். இன்னொன்றைப் பஞ்சாயத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். பெற்ற பிள்ளையிடம் தனியாகச் சொல்ல வேண்டியதை இவள் எதற்கு ஊரறியச் சொல்லுகிறாள் என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். நீ எழுதியதையும் நான் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டுதான் வாசித்தேன்.

அது எப்படி நடந்தது என்று கேள். ஆறு கடலில் சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, நம் ஊர் வயல்களில் ரசாயனத் தொழிற்சாலை வரப்போகிறது, வருகிற வெள்ளிக்கிழமை அதிகாரிகள் வந்து மக்களிடம் கருத்துக் கேட்பார்கள் என்று நோட்டீஸ் வந்தது. கூடவே, அது வந்தால் நிலமும் நீரும் என்ன ஆகும் என்று சொல்லுகிற அறிக்கை, இங்கிலீஷில் ஒரு கத்தைக் காகிதமாகவும் தமிழில் ஒரு சுருக்கமாகவும். பஞ்சாயத்துத் தலைவன் என்னிடம் ஆறாம் வகுப்புப் படித்தவன். "டீச்சர், இந்தத் தமிழு எங்க ஒருத்தருக்கும் விளங்கல. நீங்களே வாசிச்சுச் சொல்லிருங்க" என்று கையில் கொடுத்தான். ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் ஒரு வகுப்புக் கிடைத்த சந்தோஷத்தில், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆபீஸ் வராண்டாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஆணும் பெண்ணுமாக ஒரு நாற்பது பேர் முற்றத்தில் இருந்தார்கள். ஆற்றுமுகத்திலிருந்து மீன் கொண்டுவரும் மிக்கேலம்மாளும் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றாள்.

நாலாவது பக்கத்தில் அந்த வரி வந்தது. 'திட்டப் பகுதியானது நெடுங்காலமாக வேளாண்மைக்கு உதவாத உவர் நிலமாகும். எனவே இத்திட்டத்தால் விளைநிலம் ஏதும் பாதிக்கப்படாது.' கீழே சர்வே எண்கள். படித்துக்கொண்டே போனவள் நம்முடைய வயல் எண்ணையும் நானே வாய்விட்டு வாசித்துவிட்டேன். உன்னைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைத்த வயல் அது. மிக்கேலம்மாள்தான் கேட்டாள்: "அழுக்குத் தண்ணிக் குழா எங்கன வந்து விழுதுன்னு போட்டிருக்கா டீச்சர்?" தேடிப் பார்த்துச் சொன்னேன். 'பயன்பாட்டில் இல்லாத கழிமுகம்' என்று போட்டிருந்தது. "பயன்பாட்டுல இல்லியா? அப்போ இந்தக் கூடையில இருக்க நண்டு எங்கன இருந்து வந்துச்சு?" என்றாள். அவள் யாரையும் திட்டவில்லை. கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் வீட்டு மூன்று ஆண்களும் அந்தக் கழிமுகத்தில்தான் வலை வீசுகிறார்கள்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினால், தயாரித்தவர் என்று உன் பெயர், உன் படிப்பு, உன் கையெழுத்து. பக்கத்தில் நின்று காகிதத்தை வாங்கிப் பார்த்த சுடலைமுத்து, "தம்பி கையெழுத்து அப்படியே உங்க கையெழுத்து கணக்கா இருக்கு டீச்சரம்மா" என்றான். அவன் அதைக் குத்தலாகச் சொன்னானா, பெருமையாகச் சொன்னானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் அதைச் சொல்ல இந்த ஊரில் அவனைவிட உரிமை உள்ளவன் கிடையாது. ஏன் என்று உனக்குப் பாதிதான் தெரியும். மீதியை நானும் உன் அப்பாவும் உன்னிடம் சொல்லாமல் மறைத்தோம். அப்பா அதைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் சொல்லிவிடுகிறேன்.

பங்குனி பிறந்தால் நம் ஆற்றில் தண்ணீர் குறைந்து, கடல் தண்ணீர் மேலே ஏற ஆரம்பிக்கும். அது வயல்வரைக்கும் வந்துவிடாமல் இருக்க, ஆற்றுக்குக் குறுக்கே பனங்கட்டை ஊன்றி, தென்னை ஓலையும் வைக்கோலும் அடைத்து, களிமண்ணும் மணலும் கொட்டி ஊரே சேர்ந்து கொரம்பு போடுவோம். ஐப்பசி வெள்ளம் வந்து அதை அடித்துக்கொண்டு போகும். மறு பங்குனியில் மறுபடியும் போடுவோம். கட்டை ஊன்றுவதற்குச் சுடலைமுத்துதான் தலைமை. கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, "பைய இறக்குங்கலே, பைய" என்று அவன் சொல்லச் சொல்ல மற்றவர்கள் இறக்குவார்கள். பாசனச் சங்கத்துச் செயலாளர் வீட்டில் நாலு நாளும் எல்லோருக்கும் மத்தியானச் சாப்பாடு. உன் அப்பா செயலாளராக இருந்த பதினான்கு வருஷமும் அந்தச் சமையல் என் தலையில்தான் விழுந்தது. பரீட்சை சமயம் வேறு. பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டு, அறுபது பேருக்குச் சோறு வடித்து, புளிக்குழம்பு வைத்து, கடைசி நாள் கூட்டாஞ்சோறு கிண்டி, கை காய்த்துப் போகும். ஊர் மெச்சும்படிதான் செய்தேன். உள்ளுக்குள் வெறுத்துக்கொண்டே செய்தேன்.

நீ காலேஜில் சேர்ந்த மறு வருஷம் இறால் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஊரைவிட்டுப் போய்ப் பட்டணத்தில் இருக்கிறவர்களின் வயல்களை வாங்கிக் குளம் வெட்டினார்கள். அவர்களுடைய மேனேஜர் நம் வீட்டுக்கு வந்தான். நல்ல வாய். "இத்தனை பேரு நாலு நாளு தண்ணிக்குள்ள நிக்கணுமா அண்ணாச்சி? எங்க புல்டோசர் அரை நாள்ல போட்டுக் குடுத்துரும். அஞ்சு வருஷத்துக்குப் பொறுப்பு எங்களுது. சங்கத்துலேர்ந்து ஒரு கடுதாசி மட்டும் குடுங்க" என்றான். உன் அப்பா யோசித்தார். நான் யோசிக்கவில்லை. அடுப்பங்கரைக்குள் நின்றுகொண்டே, நல்லதாப் போச்சு, எழுதிக் குடுத்துருங்க என்று சொன்னேன். அப்பா கையெழுத்துக் கோழி கிண்டியது போல இருக்கும் என்று சங்கத்துக் கடிதம் எல்லாம் நான்தான் எழுதுவேன் என்பது உனக்குத் தெரியும். அதையும் நானே எழுதினேன். 'ஆண்டுதோறும் கொரம்பு அமைக்கும் பொறுப்பை ஐந்தாண்டுகளுக்குத் தங்களிடம் ஒப்படைக்கிறோம்.' எழுதி முடித்ததும் அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏளா, எந்த இடத்துல போடணுங்கதையும் எழுதிருதியா?" என்று கேட்டார். "ஊருக்கே தெரிஞ்ச இடத்தை எதுக்கு எழுதணும்? காகிதத்துல இடமும் இல்ல" என்று சொல்லி மடித்துக் கொடுத்துவிட்டேன்.

அந்த இடத்தை நம் ஊரில் யாரும் எப்போதும் எழுதியதில்லை. கருங்கல் படித்துறைக்குக் கீழே, எல்லா வயலும் முடிகிற இடத்தில்தான் கொரம்பு என்பது நம்மில் ஒவ்வொருவருக்கும் தெரியும். புல்டோசருக்குத் தெரியாது. பங்குனியில் வந்து, வழக்கமான இடத்துக்கு வெகு மேலே, மருதமரத் திருப்பத்தில் ஆற்றை அடைத்துவிட்டார்கள். இறாலுக்குக் கடல் தண்ணீர் வேண்டும் அல்லவா? அவர்கள் குளம் வரைக்கும் அது ஏறி வர வேண்டும். படித்துறைக்கும் திருப்பத்துக்கும் நடுவில் இருந்த வயல், வெற்றிலைக் கொடிக்கால், கிணறு எல்லாம் ஒரே நாளில் கடல் பக்கம் போய்விட்டன. அப்பா ஓடிப்போய்க் கேட்டார். மேனேஜர் என் கடிதத்தை எடுத்துக் காட்டி, "இதுல எங்க போடணும்னு ஒரு வார்த்தை இல்லியே அண்ணாச்சி" என்று சிரித்தானாம். மறு வருஷம் நாமே பழைய இடத்தில் போட்டுவிடுவோம் என்று அப்பா வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். ஒரு வருஷம் விட்டுப்போனதில் பாதிப் பேருக்கு உடம்பு வணங்கவில்லை. வந்த கொஞ்சம் பேரையும் போலீஸ் வந்து கரையேற்றியது. அவர்கள் கையிலும் என் கடிதத்தின் நகல் இருந்தது.

சுடலைமுத்து குத்தகைக்கு எடுத்துப் போட்டிருந்த கொடிக்கால் அந்த நடுவில்தான் இருந்தது. வெற்றிலை நுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்தது. ஒருநாள் கருகின வெற்றிலையை ஒரு கவுளிக் கட்டாகக் கொண்டுவந்து நம் வீட்டு வாசலில் வைத்தான். "டீச்சரம்மா, எங்க கொடிக்கால் எந்தப் பக்கம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்லா?" என்று மட்டும் கேட்டான். தெரியும் என்றேன். "தெரிஞ்சா சரி" என்று போய்விட்டான். மறு வருஷத்திலிருந்து அவன் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறான். வெயிலில் உப்பைப் பார்த்துப் பார்த்து இப்போது அவனுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. அறிக்கையில் உன் கையெழுத்தைப் பார்க்கக் காகிதத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனான்.

அப்புறம் இறாலுக்கு நோய் வந்தது. கம்பெனிக்காரன் மோட்டாரையும் கழற்றிக்கொண்டு போய்விட்டான். குழியும் உப்பும்தான் நமக்கு மிஞ்சின. கொரம்பைப் பழைய இடத்தில் போட அப்புறம் ஊர் கூடவே இல்லை. இப்போது இரண்டாவது கம்பெனிக்காரன் வந்து, உப்பாய்த்தானே கிடக்கிறது, எங்களுக்குக் கொடுங்கள் என்கிறான். அதற்கு என் மகன் சான்று எழுதிக் கொடுக்கிறான். கெடுப்பதற்கு ஒரு கடிதம் நான் எழுதினேன். கெட்டுத்தான் கிடந்தது என்று ஒரு கடிதம் நீ எழுதியிருக்கிறாய். என்மேல் வருகிற கோபத்தில் பாதியை உன்மேல் காட்டுகிறேன் என்று நீ சொல்லலாம். இல்லை, உனக்கென்று தனியாகவே நிறையக் கோபம் வைத்திருக்கிறேன்.

ஏனென்றால் நான் தெரியாமல் செய்தேன், சோம்பேறித்தனத்தில் செய்தேன். நீ தெரிந்து செய்தாய். காலேஜ் மூன்றாம் வருஷ லீவில் ஒரு பெட்டி நிறையக் கண்ணாடிக் குழாய்களோடு வந்தது ஞாபகம் இருக்கிறதா? நம் கிணறு, சுடலைமுத்து கிணறு, பிள்ளையார் கோயில் கிணறு என்று ஒவ்வொன்றிலும் தண்ணீர் எடுத்து, சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, நிறம் மாறுவதைப் பார்த்து நோட்டில் குறித்தாய். திருப்பத்துக்கு மேலே நல்ல தண்ணீர், கீழே உப்பு. "அம்மா, கொரம்பை மாத்திப் போட்டதுலதான் இப்படி ஆகிருக்கு. பழைய இடத்துல போட்டா நாலஞ்சு வருஷத்துல நிலம் பழையபடி திரும்பிரும்" என்று நீதான் என்னிடம் சொன்னாய். அன்றைக்கு என் கடிதத்தைப் பற்றி உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. நீ என்னைக் கேவலமாகப் பார்ப்பாய் என்று பயந்து, காபி போடப் போய்விட்டேன். அந்த நோட்டு அலமாரியில்தான் இருக்கிறது. நேற்று எடுத்துத் தூசி தட்டி வைத்தேன். அதில் எந்தப் பக்கத்திலும் 'நெடுங்காலமாக' என்ற வார்த்தை இல்லை.

அறிக்கையை வாசித்த அன்று சாயங்காலமே ஏரலுக்குப் பஸ் ஏறிப்போய், எஸ்.டி.டி. பூத்தில் நின்று உனக்குப் போன் போட்டேன். நீ சொன்னதை எல்லாம் மறக்கவில்லை. "அம்மா, நிலம் இப்ப உப்பாத்தான இருக்கு? இல்லாததையா எழுதிட்டேன்?" என்றாய். "நான் எழுதலேன்னா வேற ஒருத்தன் எழுதிருவான், கம்பெனி நிக்கவா போகுது?" என்றாய். "நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா?" என்றும் கேட்டாய். வேலை வேண்டும். தொழிற்சாலையே வரக்கூடாது என்று சொல்லுகிற ஆள் நான் இல்லை. என்னிடம் படித்த பிள்ளைகள் பத்தாவது முடித்துவிட்டு உப்பளத்தில் கால் வெடித்து நிற்பதை நான்தான் தினமும் பார்க்கிறேன், நீ பார்க்கவில்லை. வருகிறவன் எங்கே வருகிறான், எதை எடுக்கிறான், எதை ஆற்றில் விடுகிறான் என்று நேராகச் சொல்லிவிட்டு வரட்டும். கேட்டு, பேசி, மாற்ற வேண்டியதை மாற்றச் சொல்லி, அப்புறம் நாங்கள் முடிவு செய்கிறோம். இங்கே ஒன்றுமே இல்லை, ஒருவருமே இல்லை என்று எழுதிவிட்டு வருகிறவனோடு என்ன பேச முடியும்? வேறொருவன் எழுதியிருந்தால் அவனுக்குக் கொடிக்கால் இருந்தது தெரியாது என்று விட்டிருப்பேன். நீ அதில் வெற்றிலை கிள்ளித் தின்று வாய் சிவந்தவன்.

இதை எழுதப் போகிறேன் என்று தெரிந்ததும் உன் அத்தை ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்துவிட்டாள். "தை மாசம் கல்யாணத்தை வச்சுக்கிட்டு என்ன மதினி இது? பொண்ணு வீட்டுக்காரங்க காதுல விழுந்தா என்ன நினைப்பாவ? கல்யாணம் முடியுத வரைக்கும் பேசாம இருந்தா என்ன கொறஞ்சு போகும்?" என்று மூக்கைச் சிந்தினாள். எனக்கும் ஆசைதான். ஒரே பிள்ளை, நல்ல இடம், படித்த பெண். இரண்டு நாள் பேசாமல் இருந்தும் பார்த்தேன். கருத்துக் கேட்பு வெள்ளிக்கிழமை, கல்யாணம் தையில். வாயைத் திறக்க வேண்டிய நாளில் மூடிக்கொண்டுவிட்டு, அப்புறம் திறந்து யாருக்கு என்ன லாபம்? அந்தப் பெண்ணுக்கு நீயே எல்லாவற்றையும் சொல்லிவிடு. மாமியார் எழுதின கடிதத்தையும் சேர்த்துச் சொல். நானும் உன் அப்பாவும் இருபத்தைந்து வருஷம் சண்டை போடாமல் குடித்தனம் நடத்தினோம் என்று ஊர் சொல்லும். அந்தக் கடிதத்துக்கு அப்புறம் அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சங்கத்துக் கடிதங்களைத் தானே எழுதிக்கொள்ள ஆரம்பித்தார், அவ்வளவுதான். கோழி கிண்டின எழுத்தில், பத்துத் தடவை அடித்து அடித்து எழுதுவார். பக்கத்து அறையில் உட்கார்ந்து அந்தப் பேனா கீறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரிய வேண்டாம். கல்யாணம் செய்துகொள்கிறவனுக்கு நான் சொல்ல இருக்கிற புத்தி இதுதான். தப்புச் செய்தால் வீட்டில் சொல்லிவிடு, திட்டு வாங்கிக்கொள்.

வேலையைப் பற்றியும் ஒன்று சொல்லுகிறேன், நீ கேட்காவிட்டாலும். நடந்து பார்க்காத நிலத்துக்குக் கையெழுத்துப் போடாதே. நீ இந்த அறிக்கைக்காக ஊருக்கு வரவே இல்லை. வந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், நம் வீட்டில்தானே சாப்பிட்டிருப்பாய். யாரோ ஜீப்பில் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நீ சென்னையில் உட்கார்ந்து அதைப் பார்த்து எழுதினாய். மிக்கேலம்மாள் புருஷன் ஆற்றுமுகத்தில் வலையோடு நிற்கிற நேரத்துக்கு அந்த ஜீப் போயிருக்காது. நீ வந்திருந்தால் அவனை 'இல்லை' என்று எழுத உனக்குக் கை வந்திருக்குமா? வந்திருக்காது என்றுதான் இன்னும் நம்புகிறேன். அந்த நம்பிக்கையில்தான் இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இல்லையென்றால் ஒரு கார்டு போதும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டுக் கூட்டம். மேடையில் அதிகாரிகளோடு நீயும் உட்கார்ந்து விளக்கம் சொல்லுவாய் என்று தலைவன் சொன்னான். நானும் பேசுகிறேன் என்று பெயர் கொடுத்திருக்கிறேன். எனக்கு முன்னால் சுடலைமுத்து, எனக்குப் பின்னால் மிக்கேலம்மாள். இறால் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தின் நகலைச் சங்கத்துக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டேன். எழுதியது நான்தான், இடத்தைப் போடாமல் விட்டதும் நான்தான், இந்த நிலம் உப்பாகி இத்தனை வருஷம்தான் ஆகிறது என்று சொல்லிவிட்டு, உன் நோட்டை மேஜைமேல் வைப்பேன். நீ பேச வேண்டிய முறை வரும்போது எழுந்து நின்று, இந்த நோட்டு என்னுடையதுதான், நாலாவது பக்கம் தப்பு என்று சொன்னால் போதும். வேலை போகலாம். போனால் வீட்டுக்கு வா, சோறு இருக்கிறது. எழுந்து நிற்க உன்னால் முடியாவிட்டால், நான் பேசும்போது தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போகாமல் உட்கார்ந்திரு. அதையாவது செய்.

பேசுகிறவர்கள் கூட்டம் முடிவதற்குள் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டுமாம். பெயர், வயது, முகவரி எல்லாம் எழுதிவிட்டேன். கடைசியில், இத்திட்டத்தால் தாங்கள் இழப்பது என்ன என்று கேட்டு ஒரு கட்டம் இருக்கிறது. அதை மட்டும் காலியாக வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை நீ மேடையில் என்ன சொல்லுகிறாய் என்று கேட்டுவிட்டு, அதில் 'வயல்' என்று எழுதுவதா, 'மகன்' என்று எழுதுவதா என்று முடிவு செய்வேன்.

அம்மா